தீபாவளிக்கு ஆடியிலேயே தயாராகலாம்! வீட்டுத் தொழில் செய்யும் அம்மாக்கள் களைத்துப்போகாமல் இருக்க ஒரு பருவத் திட்டம்

ஐப்பசி மாதத்து இரவு, மணி பத்தரை. வெளியே மழை கொட்டுகிறது. அடுக்களையில் முறுக்கு மாவு பாதி பிசைந்தபடி கிடக்கிறது. "அம்மா, நாளைக்கு மேத்ஸ் டெஸ்ட். இந்த ஒரு கணக்கு மட்டும் சொல்லிக் கொடும்மா" என்று பிள்ளை நோட்டோடு நிற்கிறது. வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட். செல்போனோ ஓய்வதாக இல்லை. "அக்கா, இந்த வருஷ விலைப்பட்டியல் அனுப்புங்க", "அக்கா, போன தடவை போட்ட அதே ரிப்பன் பக்கோடா இருக்கா?", "போட்டோ இருந்தா போடுங்களேன், என் நாத்தனாருக்கும் காட்டணும்."

போட்டோ இல்லை. எடுக்கலாம் என்றால் வெளிச்சம் இல்லை. விலைப்பட்டியல் மனதில் இருக்கிறதே தவிர, எழுத நேரம் வாய்க்கவில்லை.

வீட்டிலிருந்தே தொழில் செய்யும் அம்மாக்களுக்கு இந்த இரவு நன்றாகத் தெரியும். கல்பாக்கத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே, அணுசக்தித் துறை ஊழியர்களுக்காக உருவான அணுபுரம் போன்ற குடியிருப்புகளில் இப்படித் தொழில் செய்வது எளிது. வாங்குபவர்கள் அடுத்த பிளாக்கிலேயே இருப்பார்கள். பட்சணம், கேக், கொலுவுக்கான தாம்பூலப் பை, ஆரி வேலைப்பாட்டு பிளவுஸ் என்று எதுவானாலும், ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டால் கடை திறந்துவிடும். ஆனால் அந்த ஸ்டேட்டஸைப் போடுவதே இன்று தனி வேலையாகிவிட்டது. படம் எடுக்க வேண்டும், ரீல்ஸ் வெட்ட வேண்டும், நாலு வரி எழுத வேண்டும், விலை போட வேண்டும், கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதற்கு 'கன்டென்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கஷ்டம் என்னவென்றால், பண்டம் செய்ய நேரம் போதாத அதே வாரத்தில்தான் இந்த வேலையும் தலைமேல் விழுகிறது.

நேரம் எங்கே போகிறது?

மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்கு ஒரு பதில் தருகிறது. சம்பளமில்லாத வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள். அதே வேலைகளைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கவனித்துக்கொள்வது தனிக் கணக்கு. 15 முதல் 59 வயது வரையுள்ளவர்களில், இந்தப் பொறுப்பை ஏற்கும் பெண்கள் நாளொன்றுக்கு 140 நிமிடங்களும் ஆண்கள் 74 நிமிடங்களும் கொடுக்கிறார்கள்.

இரண்டையும் சேர்த்துச் செய்யும் பெண்ணுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போய்விடும். தொழில் அதற்கு மேல்தான். பண்டிகைக் காலத்தில் கூடுதலாக மூன்று மணி நேரம் வேண்டுமென்றால், அது அவருடைய தூக்கத்திலிருந்துதான் வரும்.

ஓரிரு நாள் தூக்கம் கெட்டால் சமாளித்துவிடலாம். ஆவணியில் விநாயகர் சதுர்த்தியன்று ஆரம்பித்துத் தைப் பொங்கல் வரை நீண்டால்தான் ஆபத்து. வேலையால் வரும் இந்த ஓய்ச்சலுக்கு உலக சுகாதார நிறுவனம் தன் சர்வதேச நோய் வகைப்பாட்டில் மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. உடம்பிலும் மனத்திலும் தெம்பு வற்றிப்போவது, செய்யும் வேலையிலேயே வெறுப்பும் விலகலும் வருவது, முன்பு போலத் திறம்படச் செய்ய முடியாமல் போவது. இதை ஒரு நோய் என்று அது வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவு என்கிறது.

வீட்டுத் தொழிலில் இந்த மூன்றும் இப்படித் தலைகாட்டும்: போன் மணி அடித்தாலே எரிச்சல் வரும். ஆசையாக ஆரம்பித்த கேக் வேலை, எப்போது முடியும் என்றிருக்கும். பதம் தப்பும், கணக்கு தப்பும். தீபாவளிக்கு மறுநாள், "இனிமேல் இந்த வேலையே வேண்டாம்" என்று மனசு சொல்லும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த தொழிலையே கைவிட வைக்கும் அளவுக்கு இது கொண்டுபோய்விடலாம்.

நகரும் பண்டிகை, நகராத பண்டிகை

இதற்கு மருந்து நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. தினசரிக் காலண்டர்தான் அது. பண்டிகை யாருக்கும் சொல்லாமல் வருவதில்லை. ஓராண்டுக்கு முன்பே தேதி அச்சாகிவிடுகிறது.

பண்டிகைகளை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆடிப் பெருக்கு எல்லாம் சூரியனை வைத்துக் கணக்கிடப்படுபவை. ஆங்கிலத் தேதியில் ஒரு நாள் முன்பின் வரலாம், அவ்வளவுதான். விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, தீபாவளி போன்றவை சந்திரனின் திதியை வைத்து வருபவை. இவை நகரும். தீபாவளி 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. போன வருஷம் செப்டம்பர் 15-ல் ஆரம்பித்தோம், இந்த வருஷமும் அன்றே ஆரம்பிக்கலாம் என்று இருந்தால், ஒரு வருஷம் 11 நாள் குறையும், இன்னொரு வருஷம் 19 நாள் கூடும். அதனால் தேதியைப் பார்த்துத் திட்டம் போடாமல், பண்டிகை நாளிலிருந்து வாரங்களைப் பின்னோக்கி எண்ணுவதே சரியான முறை.

தீபாவளியிலிருந்து 12 வாரம் பின்னே எண்ணினால், மேலே சொன்ன மூன்று ஆண்டுகளிலுமே ஆடி மாதத்தில்தான் போய் நிற்கிறது. கல்யாணம், கிரகப்பிரவேசம் அதிகம் இல்லாத மாதம் அது. விசேஷ ஆர்டர்கள் குறைந்து கை கொஞ்சம் ஓய்ந்திருக்கும். ஆண்டின் பெரிய வியாபாரத்துக்குத் தயாராக அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

ஒரே தாளில் மூன்று காலண்டர்

பண்டிகையை மட்டும் குறித்தால் போதாது. அம்மாவாக இருப்பவருக்கு இன்னும் இரண்டு காலண்டர்கள் உண்டு.

ஒன்று, பள்ளிக்கூடம். அணுபுரத்தில் அணுசக்தி மத்தியப் பள்ளி இருக்கிறது. சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு பிப்ரவரி நடுவிலேயே தொடங்கிவிடும். அந்த வகுப்புகளில் பிள்ளை இருக்கும் வீட்டில், தை முடிந்தபிறகு பங்குனி வரை புதிதாக எதையும் ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது. அரையாண்டுத் தேர்வு, பள்ளி ஆண்டு விழா, பெற்றோர் சந்திப்பு எல்லாவற்றையும் சிவப்பு மையில் குறித்துவிட வேண்டும். கணவருக்கு ஷிஃப்ட் வேலை என்றால் அவருடைய நைட் ஷிஃப்ட் வாரங்களும் அதே தாளில் ஏற வேண்டும்.

இரண்டாவது, வானம். இந்தக் கடற்கரைக்கு மழை கொண்டுவருவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதாவது கொலு, தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ் வரும் அதே மாதங்களில் அது பெய்கிறது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர்கள் சூடுபிடிக்கும் நேரம். அப்படியொரு வாரத்தில் மின்சாரமும் இணையமும் ஒழுங்காக இருக்கும் என்று நம்பி எதையும் திட்டமிட முடியாது.

இதோடு உள்ளூர் விசேஷங்களும் உண்டு. திருக்கழுக்குன்றம் வேதகிரீஸ்வரர் கோயிலின் சித்திரைத் திருவிழா, மாசி மகத்துக்கு இருளர் மக்கள் திரளும் மாமல்லபுரம் கடற்கரை, டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அங்கே நடக்கும் நாட்டிய விழா. சங்குப் பொருள்களோ கைவினைப் பொருள்களோ விற்பவருக்குத் தீபாவளியைவிட நாட்டிய விழாதான் முக்கியமான பருவம். பட்சணம் செய்பவருக்கு அது தேவையே இல்லை.

மூன்றையும் ஒரே தாளில் குறித்தால், எந்த வாரத்தில் மூன்றும் மோதுகின்றன என்பது கண்ணுக்கே தெரியும். மோதும் வாரங்களில் பதிவு தயாரிக்கும் வேலை எதையும் வைக்கக் கூடாது.

பன்னிரண்டு வேண்டாம், நாலு போதும்

காலண்டரைப் பார்த்ததும் ஆசை வரும். பொங்கல், காதலர் தினம், மகளிர் தினம், புத்தாண்டு, அட்சய திருதியை, அன்னையர் தினம் என்று எல்லாவற்றுக்கும் ஏதாவது போட வேண்டும் என்று தோன்றும். களைப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போன வருஷத்து ஆர்டர் நோட்டை எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். எந்த மாதத்தில் பணம் வந்தது, எந்த மாதத்தில் வெறும் 'சூப்பர் அக்கா' மட்டும் வந்தது என்று அது சொல்லும். பணம் வந்த மூன்று அல்லது நான்கு பருவங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நாட்களுக்கு ஒரு வாழ்த்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குறிப்பாக நவராத்திரியும் தீபாவளியும். விஜயதசமி முடிந்து மூன்றே வாரத்துக்குள் தீபாவளி வந்துவிடும். 2026-ல் விஜயதசமி அக்டோபர் 20, தீபாவளி நவம்பர் 8. நடுவே 18 நாட்கள். கொலுவுக்குத் தாம்பூலப் பை, தீபாவளிக்குப் பட்சணம் என்று ஒற்றை ஆளாக இரண்டையும் முழு வீச்சில் செய்ய நினைப்பவர் இரண்டிலும் திணறுவார். ஒன்றைப் பெரிதாகவும் மற்றதை எண்ணிக்கை வைத்துச் சின்னதாகவும் செய்வதே புத்திசாலித்தனம்.

வெயிலில் வடாம் போடுவது போல

சித்திரை வெயிலில் வடாம் இடும் பாட்டிக்கு அன்றைக்கு வடாம் தேவையில்லை. ஐப்பசி மழையில் அது வேண்டியிருக்கும் என்று தெரியும். தொழிலுக்கான படங்களும் அப்படித்தான். வெயில் இருக்கும்போது எடுத்துவைத்துக்கொண்டால் மழைக்காலத்தில் கை கொடுக்கும்.

ஆடியிலோ ஆவணித் தொடக்கத்திலோ ஒரே ஒரு நாள் போதும். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, காலை வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னலோரம். கால் கிலோ மாவில் முறுக்கு, கொஞ்சம் அதிரசம், கொஞ்சம் மிக்சர். அடுப்பில் எண்ணெய் காய்வது, அச்சில் மாவு பிழிவது, முறுக்கு பொன்னிறமாகத் திரும்புவது, தட்டில் அடுக்குவது, டப்பாவில் போட்டு மூடுவது. ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து நொடி வீடியோவாக எடுத்துக்கொண்டால், ஒரே நாளில் இருபது துண்டுகள் சேர்ந்துவிடும். கூடவே ஒவ்வொரு பண்டத்துக்கும் நாலு படம். தீபாவளி முடியும் வரைக்கும் அது போதும். செய்த பட்சணம் அன்று மாலை பிள்ளைகளுக்குத் தின்பண்டம்.

போன வருஷத்துப் படங்களையும் வீசிவிட வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பார்த்தவர்களுக்கே நினைவிருக்காது, பார்க்காதவர்கள் இன்னும் நிறைய பேர். பண்டமும் அளவும் டப்பாவும் மாறவில்லை என்றால் படமும் மாற வேண்டியதில்லை. புதிதாகப் போட்டே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டாலே பாதி பாரம் குறைந்துவிடும்.

மழையோடு போராடிய தொழில்களுக்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 1959 மார்ச் 15 அன்று மும்பை கிர்காவ் பகுதியில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். அதுதான் பின்னாளில் 'லிஜ்ஜத்' ஆனது. முதல் மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை. நான்கு மாதம் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் அவர்கள் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்துக் காயவைத்தார்கள். மழை எப்படியும் வரும் என்று தெரிந்ததும், அது வருவதற்கு முன்பே வழி செய்துகொண்டார்கள்.

12 வாரம், ஒரு பட்டியல்

தீபாவளிப் பட்சணம் செய்பவருக்கான கணக்கு இது. கேக், பிளவுஸ், பரிசுப் பொருள் என்று மற்ற தொழில்களுக்கு வாரங்களைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

12-வது வாரம்: என்ன விற்பது என்று முடிவு. பத்து வகை வேண்டாம், நாலைந்து போதும். மொத்தம் எத்தனை கிலோ செய்ய முடியும் என்பதையும் அன்றே எழுதிவிட வேண்டும்.

10-வது வாரம்: படம் எடுக்கும் நாள்.

8-வது வாரம்: படங்களுக்கான வரிகளை எழுதுவது. உட்கார்ந்து எழுத நேரமில்லை என்றால், காய் நறுக்கும்போது போனில் வாய்ஸ் டைப்பிங்கில் பேசினாலே எழுத்தாகிவிடும்.

6-வது வாரம்: பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் முதல் தகவல்.

4-வது வாரம்: எண்ணெய், பருப்பு, வெல்லத்தின் அன்றைய விலையைப் பார்த்து விலைப்பட்டியல். புக்கிங் ஆரம்பம்.

2-வது வாரம்: புக்கிங் முடியும். கடைசித் தேதியைப் பட்டியலிலேயே பெரிதாகப் போட்டுவிட வேண்டும்.

கடைசி வாரம்: புதிய பதிவு எதுவும் கிடையாது. வேலை மட்டும், தூக்கம் மட்டும்.

"அக்கா, எனக்கு மட்டும் அரை கிலோ" என்று கடைசி நாளில் யாராவது கேட்கத்தான் செய்வார்கள். மறுக்கச் சங்கடமாக இருக்கும். அதற்கும் ஒரு பதிலை முன்பே எழுதிவைத்துக்கொள்ளலாம்: "இந்தத் தடவை புக்கிங் முடிஞ்சிருச்சுங்க. கார்த்திகைப் பொரி உருண்டைக்கு உங்க பேரை முதல்ல எழுதிக்கிறேன்." கோபமும் வராது, அடுத்த ஆர்டரும் கைக்கு வரும்.

போன் வேலை செய்யட்டும்

இந்தப் பட்டியலை நடத்தப் பணம் கட்டி எதையும் வாங்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கேட்டலாக் வசதி உண்டு. பண்டம், படம், விலையை ஒரு தடவை ஏற்றிவிட்டால், கேட்பவருக்கு அந்த இணைப்பை அனுப்பினால் போதும். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களை 'குவிக் ரிப்ளை'யாகச் சேமிக்கலாம். இரவு ஒன்பது மணிக்கு மேல், 'காலையில் பதில் தருகிறேன்' என்று தானாகவே போகும் செய்தியும் வைத்துக்கொள்ளலாம். பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதனால் முதல் ஆர்டரின்போதே, "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் தொழில்முறைக் கணக்கு வைத்திருந்தால் 75 நாள் முன்கூட்டியே பதிவுகளை நேரம் குறித்து வைக்க முடியும். தீபாவளிப் பதிவுகள் அத்தனையையும் ஆவணி, புரட்டாசியில் ஒரே மதியத்தில் ஏற்றிவைத்துவிடலாம். பிறகு அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

தனியாகச் செய்த வேலை எதுவும் இல்லை

நூறு வருஷத்துக்கு முன்பு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து நீர்வளூரில் பிறந்த ஒரு பெண் மாதாமாதம் இதழ் கொண்டுவந்தார். அவர் வை.மு.கோதைநாயகி அம்மாள். சின்னஞ்சிறு வயதில் திருமணம். பள்ளிக்கூடம் போகவில்லை. 1925-ல் 'ஜகன்மோகினி' இதழை வாங்கி நடத்த ஆரம்பித்தவர், 115 நாவல்கள் எழுதினார். வீடு, மகன், விடுதலைப் போராட்டம், சிறைவாசம் எல்லாவற்றுக்கும் நடுவே இதழ் வந்தது.

இத்தனைக்கும் முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை உருவாக்கியபோது அவருக்குச் சரியாக எழுதவே வராது. அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். எழுதப் பழகும் வரை காத்திருந்திருந்தால் அந்த நாடகம் எப்போது வந்திருக்குமோ! தனக்கு வராத வேலையை இன்னொருவரிடம் கேட்டதால்தான் ஆரம்பமே நடந்தது.

இன்றைய வீட்டிலும் அப்படிப் பட்டம்மாள்கள் இருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அம்மாவைவிட வேகமாக வீடியோ வெட்டத் தெரியும். பரீட்சை இல்லாத வாரத்தில் அதைக் கேட்கலாம், அதற்கு ஒரு சின்னக் கூலியும் கொடுக்கலாம். மாமியாருக்குப் பதம் தெரியும், பண்டத்தின் கதை தெரியும். அவர் பேசுவதை அப்படியே எடுத்தால் அதைவிட நல்ல ரீல்ஸ் வேறு இல்லை. ஆர்டர் கணக்கையும் டெலிவரியையும் கணவரிடம் விட்டுவிடலாம். 88 நிமிடங்களுக்கும் 289 நிமிடங்களுக்கும் நடுவே இடம் நிறையவே இருக்கிறது. "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "செவ்வாயும் வியாழனும் டெலிவரி உங்க பொறுப்பு" என்று சொல்வது பலன் தரும்.

பண்டிகை முடிந்த மறுவாரம் இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி. எது முதலில் தீர்ந்தது, எது மிஞ்சியது, எந்தப் படத்தைப் பார்த்து அதிகம் பேர் கேட்டார்கள், எந்த நாள் தாங்க முடியாமல் போயிற்று என்று நாலு வரி நோட்டில் எழுத வேண்டும். அடுத்த ஆடியில் திட்டம் அந்தப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு ஒரு வாரம் தொழில் சம்பந்தமாகப் போனையே தொட வேண்டாம்.

இப்படிச் செய்தால் ஐப்பசி மழை நின்றுவிடாது. நைட் ஷிஃப்டும் மாறாது, முறுக்கு மாவையும் அம்மாதான் பிசைய வேண்டும். ஆனால் மணி ஒன்பது அடித்ததும் போன் தானே பதில் சொல்லிக்கொள்ளும். ஆடி வெயிலில் எடுத்த படம் தன்னால் போய் நாத்தனார்களைச் சேரும். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "எங்கே, அந்தக் கணக்கைக் காட்டு" என்று பிள்ளை பக்கத்தில் போய் உட்கார அம்மாவுக்கு நேரம் இருக்கும்.